கே-43: மூணு வருஷம் சக்ராவா இருந்த சோவியத் நீர்மூழ்கி

ஐஎன்எஸ் சக்ரான்னு சொன்னா இப்ப நிறைய பேருக்கு 2012-ல ரஷ்யாவுல இருந்து குத்தகைக்கு வந்த அகுலா ரக சப்மரின்தான் ஞாபகத்துக்கு வருது. அதுக்கு 24 வருஷம் முன்னாடியே இதே பேர்ல ஒண்ணு வந்துச்சு, சோவியத்துல அதுக்கு கே-43-னு பேர். 1988 பிப்ரவரி 3-ஆம் தேதி விசாகப்பட்டினத்துல ராஜீவ் காந்தி நேர்ல நின்னு அதை வரவேற்றார். அணுசக்தியில ஓடற கப்பல்னு ஒண்ணு இந்தியக் கொடியோட நம்ம துறைமுகத்துக்குள்ள வந்தது அதுதான் முதல் தடவை. ஆனா அந்தப் படகைப் பத்தி நம்ம ஆளுங்க எழுதறதெல்லாம் 1988-ல ஆரம்பிச்சு 1991-ல முடிஞ்சிடும், அதுக்கு முன்னாடி இருபது வருஷம் அது எங்க இருந்துச்சு, எதுக்காக கட்டினாங்க, கூடப்பிறந்த படகுகளுக்கு என்ன ஆச்சு, இதையெல்லாம் யாரும் தொடறதே இல்ல. அது தெரியாம அந்த மூணு வருஷத்தோட மதிப்பு புரியாதுன்னு நான் நினைக்கிறேன், அதான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

முதல்ல எதுக்கு இப்படி ஒரு படகு வேணும்னு சோவியத் யோசிச்சதுன்னு பாக்கலாம். 1950-கள் கடைசியில அமெரிக்காகிட்ட விமானந்தாங்கி கப்பல்கள் வரிசையா இருந்துச்சு, சோவியத்கிட்ட ஒண்ணுகூட இல்ல. அந்தக் கப்பல் ஒண்ணு கரைக்குப் பக்கத்துல வந்து நின்னா அதுல இருந்து கிளம்பற விமானம் அணுகுண்டோட உள்ள வரலாம். அதைத் தடுக்க அவங்க கண்டுபிடிச்ச வழி, நீர்மூழ்கியில குரூயிஸ் மிசைல், அதாவது விமானம் மாதிரி பறந்து போற ஏவுகணை வச்சு தூரத்துல இருந்தே கப்பலை அடிக்கிறது. அதுக்காக கட்டினதுதான் 675 ப்ராஜெக்ட், நேட்டோகாரங்க எக்கோ-2-னு பேர் வச்சாங்க. எட்டு மிசைல், முன்னூறு கிலோமீட்டருக்கு மேல போகும், பேப்பர்ல பாத்தா பிரமாதம். ஆனா அதுல ஒரு பெரிய கோளாறு, மிசைல் விடணும்னா படகு கடல் மட்டத்துக்கு மேல வந்தாகணும். வந்து, குழாயைத் தூக்கி நிறுத்தி, ராடாரைத் திருப்பி, விட்ட மிசைல் போய்ச் சேரற வரைக்கும் அங்கயே இருந்து வழிகாட்டணும். இருபது நிமிஷத்துக்கு மேல திறந்தவெளியில நிக்கணும். அமெரிக்க விமானம் சுத்திட்டு இருக்கற கடல்ல இருபது நிமிஷம்னா அந்தப் படகு திரும்பி வராதுன்னு உள்ள இருந்தவங்களுக்கே தெரியும்.

அதனால தண்ணிக்கு அடியில இருந்தபடியே விடற மாதிரி ஒரு மிசைல் வேணும்னு கேட்டாங்க. விளாடிமிர் செலோமெய் தலைமையில இருந்த டிசைன் பீரோ அதைச் செஞ்சு குடுத்துச்சு, பேர் பி-70 அமெதிஸ்ட். கப்பலை அடிக்கிற குரூயிஸ் மிசைல்கள்ல உலகத்துலயே முதல் முதலா தண்ணிக்குள்ள இருந்து கிளம்பினது இதுதான். திட எரிபொருள், குழாய்ல முதல்ல கடல்தண்ணியை நிரப்பிக்கணும், அப்புறம் மூடியைத் திறந்து பத்த வச்சா தண்ணியைக் கிழிச்சுட்டு மேல வந்து கடல் மட்டத்தை ஒட்டியே தாழ்வா பறக்கும். 30 மீட்டர் ஆழம் வரைக்கும் இருந்து விடலாம். விட்டதுக்கு அப்புறம் வழிகாட்ட வேண்டிய வேலை இல்ல, அதுவே இலக்கைத் தேடிக்கும், படகு அப்படியே கீழ போயிடலாம். பதிலுக்கு விட்டுக்குடுத்தது தூரம். பழைய மிசைல் முன்னூறு கிலோமீட்டர் தாண்டி போகும், இது 60-லிருந்து 80-க்குள்ளதான். அதாவது விமானந்தாங்கியைச் சுத்தி நிக்கிற காவல் கப்பல், ஹெலிகாப்டர், எதிரி நீர்மூழ்கி, இத்தனையும் தாண்டி உள்ள நுழையணும். குழாய்ல தண்ணி நிரப்பற சத்தமே காட்டிக்குடுத்துடும்னு பயம் வேற. ஒரு ஆபத்தைக் கழிச்சு இன்னொரு ஆபத்தை வாங்கிக்கிட்டாங்க, ஆனாலும் மேல வந்து நிக்கிறதுக்கு இது எவ்வளவோ மேல்.

இந்த மிசைலுக்குன்னே வரைஞ்ச படகுதான் 670 ப்ராஜெக்ட். ரஷ்யாவுல 'ஸ்காட்'னு சொல்வாங்க, அதுக்கு திருக்கை மீன்னு அர்த்தம், நேட்டோ வச்ச பேர் சார்லி. சுமார் 95 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், மூக்குப் பக்கம் ரெண்டு சைடுலயும் நாலு நாலா மொத்தம் எட்டு மிசைல் குழாய், உள் உடம்புக்கும் வெளி உடம்புக்கும் நடுவுல சாய்வா வச்சிருப்பாங்க, கூடவே டார்பிடோ குழாய் ஆறு. இதைக் கட்டின இடம்தான் எனக்கு எப்பவும் ஆச்சரியம், கடலே இல்லாத கோர்க்கி நகரம், இப்ப அது நிஸ்னி நோவ்கரத். வோல்கா ஆத்தங்கரையில இருக்கற க்ராஸ்னயே சோர்மவா தொழிற்சாலையில கட்டி, ஆறு, கால்வாய்னு மிதவைத் துறையில வச்சு இழுத்துட்டு வடக்க செவரத்வின்ஸ்க் வரைக்கும் கொண்டு போய் அங்க மிச்ச வேலையை முடிப்பாங்க. ஆத்துல போகணும்னா படகு ரொம்ப பெருசா இருக்கக்கூடாது. அதுவரைக்கும் சோவியத் அணு நீர்மூழ்கின்னா ரெண்டு ரியாக்டர் (அணு உலை), ரெண்டு ப்ரொபெல்லர்னு ஒரு எழுதாத சட்டமே இருந்துச்சு, ஒண்ணு நின்னா இன்னொண்ணு காப்பாத்தும்ங்கிற கணக்கு. இதுல அந்தக் கணக்கை விட்டுட்டு ஒரே ரியாக்டர், ஒரே டர்பைன், ஒரே ப்ரொபெல்லர்னு போனாங்க. படகு சின்னதாச்சு, செலவும் குறைஞ்சது. ஆனா நடுக்கடல்ல அந்த ஒரு ரியாக்டர் நின்னுடுச்சுன்னா பேட்டரியும் டீசல் ஜெனரேட்டரும் வச்சு ஒப்பேத்தணும், அப்ப உள்ள இருக்கறவன் கைத்திறமைதான் எல்லாம். இந்தப் புள்ளியை மனசுல வச்சுக்கோங்க, கடைசி வரைக்கும் இது வரும்.

கே-43 இந்த வரிசையில முதல் படகு. 1964 மே மாசம் வேலை ஆரம்பிச்சு, 1966 ஆகஸ்ட்ல தண்ணியில இறக்கி, 1967 நவம்பர்ல கடற்படையில சேர்த்தாங்க. அமெதிஸ்டோட கடைசிக் கட்ட சோதனை ஏவல்களும் இதுல இருந்து நடந்துச்சு, அடுத்த வருஷம் 1968-ல மிசைலை அதிகாரபூர்வமா ஏத்துக்கிட்டாங்க. ஒரு பொருத்தம் பாருங்க, இந்தியாவோட முதல் நீர்மூழ்கியான பழைய ஐஎன்எஸ் கல்வாரி, டீசல்ல ஓடறது, அது ரீகாவுல சேர்ந்ததும் அதே 1967 டிசம்பர் 8-ஆம் தேதி. அதாவது நம்ம ஆட்கள் நீர்மூழ்கின்னா என்னன்னு அ ஆ எழுத ஆரம்பிச்ச அதே மாசங்கள்லதான் இருபது வருஷம் கழிச்சு அவங்க கைக்கு வரப்போற படகும் வேலைக்கு வந்துச்சு.

அதுக்கப்புறம் கே-43 வடக்கு கடற்படையில இருந்துட்டு, பிறகு பசிஃபிக் கடற்படைக்கு மாத்தலாச்சு. ரோந்து, ரிப்பேர், பயிற்சி, திரும்ப ரிப்பேர்னு ஓடின காலம் அது. அணு நீர்மூழ்கின்னா எப்பவும் கடலுக்குள்ளயே இருக்கும்னு நாம நினைக்கிறோம், சோவியத்துல அப்படி இல்ல, கரையில கட்டிப் போட்டிருந்த நாள்தான் ஜாஸ்தி. படகுகளை வேகமா கட்டித் தள்ளினாங்க, ஆனா அதை ரிப்பேர் பண்ற பட்டறையும், குடியிருப்பும், பயிற்சி பெற்ற ஆளும் அந்த வேகத்துக்கு வளரல.

அதோட விலையைக் குடுத்தது கூடப்பிறந்த படகுகள். 11 படகு கட்டினாங்க இந்த ரகத்துல. அதுல கே-320, இன்னும் தொழிற்சாலையை விட்டே வெளிய வரல, 1970 ஜனவரி 18-ஆம் தேதி சோர்மவாவுல ரியாக்டர் குழாய்களை அழுத்தம் குடுத்து சோதிக்கறப்ப ரியாக்டர் தானா ஸ்டார்ட் ஆகி, கதிரியக்கத் தண்ணி பீச்சி அடிச்சு பட்டறை முழுக்க பரவிடுச்சு. ஊருக்கு நடுவுல இருக்கற தொழிற்சாலை அது. பக்கத்துல நின்ன தொழிலாளிங்க கதிர்வீச்சு பாதிச்சு செத்தாங்க, சுத்தம் பண்ண இறங்கினவங்ககிட்ட 25 வருஷத்துக்கு வாயைத் திறக்கக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கினாங்க. கடலையே பாக்காத மனுஷங்க, ஒரு நீர்மூழ்கியால செத்தாங்க. இதைப் படிச்ச அன்னிக்கு எனக்கு தூக்கமே வரல.

இன்னொண்ணு கே-429. இதைக் கொஞ்சம் விரிவாவே சொல்லணும். 1983 ஜூன், ரஷ்யாவோட கிழக்குக் கோடியில இருக்கற கம்சாட்கா. கே-429 அப்பதான் ரோந்து முடிச்சு வந்திருந்துச்சு, ஆளுங்க பாதிக்கு மேல லீவுல, வேற வேலையில. மேலிடத்துல இருந்து திடீர்னு உத்தரவு, கடலுக்குப் போய் டார்பிடோ பயிற்சி நடத்துன்னு. கேப்டன் நிகோலாய் சுவோரவ் முடியாதுன்னுதான் சொன்னார், என் ஆளுங்க இல்லன்னார், கேக்கல. வேற வேற படகுல இருந்து ஆளைப் பொறுக்கி ஏத்தி விட்டாங்க, இருக்க வேண்டிய எண்ணிக்கையை விட அதிகமா 120 பேர். ஒருத்தனுக்கு இன்னொருத்தன் முகம் தெரியாது, அந்தப் படகோட வால்வு எங்க இருக்குன்னு பாதி பேருக்குத் தெரியாது. ஜூன் 24 ராத்திரி சரான்னயா விரிகுடாவுல மூழ்கி சோதனை பண்றப்ப காத்தோட்டக் குழாய் மூடாம திறந்தே இருந்துச்சு, அது திறந்திருக்குன்னு காட்ட வேண்டிய பலகையும் வேலை செய்யல. நாலாவது அறைக்குள்ள கடல் கொட்டுச்சு. உள்ள இருந்த 14 பேர் கதவைத் திறந்து ஓடி வரல. ரியாக்டரை நிறுத்திட்டு அங்கயே இருந்துட்டாங்க. திறந்திருந்தா மொத்தப் படகும் போயிருக்கும்.

படகு சுமார் 39 மீட்டர் ஆழத்துல தரையைத் தட்டி நின்னுச்சு. உதவி கேக்க மேல அனுப்பற மிதவைகள் ரோந்துல கழண்டு போயிடக்கூடாதுன்னு உடம்போட சேர்த்து வெல்டு வச்சிருந்தாங்க, அதனால மேல யாருக்கும் விஷயமே தெரியல. கடைசியில ரெண்டு பேர் டார்பிடோ குழாய் வழியா வெளிய நீந்தி மேல வந்து சொன்னதுக்கு அப்புறம்தான் தேடலே ஆரம்பிச்சது. 104 பேர் பொழைச்சாங்க, 16 பேர் போனாங்க. சுவோரவுக்கு 10 வருஷ தண்டனை. படகைத் தூக்கி எடுத்து ரிப்பேர் பண்ணாங்க, 1985 செப்டம்பர்ல அதே படகு துறையில கட்டி நின்னபடியே திரும்பவும் மூழ்கிடுச்சு. இதுல படகோட டிசைன் மேல பழி போட்டுட்டு போகறதுல எனக்கு உடன்பாடு இல்ல. அதே வரைபடம், அதே ரியாக்டர், அதே ரகத்துல கே-43-யும் அதே பசிஃபிக் கடற்படையில இருந்துச்சு. ஆளைத் தெரியாம, பழக்காம ஏத்தி அனுப்பினதுதான் கே-429-ஐ மூழ்கடிச்சது.

அதே 1985 ஆகஸ்ட் 10-ல இன்னொரு விபத்து, இது நான் முதல்ல சொன்ன எக்கோ-2 ரகம், கே-431. விளாடிவஸ்டாக் பக்கத்துல சாஷ்மா விரிகுடாவுல எரிபொருள் மாத்திட்டு இருந்தாங்க. அணு நீர்மூழ்கியோட ஆயுசே இந்த எரிபொருள் மாத்தறதுலதான் இருக்கு, ரியாக்டர் கோர், அதாவது நடுவுல இருக்கற அணு எரிபொருள் தீர்ந்துச்சுன்னா மேல்மூடியைக் கழட்டி பழசை எடுத்துட்டு புதுசு வைக்கணும், வச்சா இன்னும் சில வருஷம் ஓடும். அன்னிக்கு மூடியைத் தூக்கறப்ப அந்தப் பக்கமா போன படகு கிளப்பின அலையில கிரேன் ஆடி, மூடியோட கட்டுப்பாட்டுக் கம்பிகளும் மேல இழுபட்டு, ரியாக்டர் ஒரு நொடியில சீறி வெடிச்சிடுச்சு. 10 பேர் அந்த இடத்துலயே போயிட்டாங்க. அங்க கிடைச்ச ஒரு தங்க மோதிரத்துல ஏறியிருந்த கதிரியக்கத்தை அளந்துதான் வெடிச்ச நிமிஷத்துல எவ்வளவு கதிர்வீச்சு இருந்திருக்கும்னு கணக்கு போட்டாங்க. யாரோ ஒருத்தரோட கல்யாண மோதிரமா இருந்திருக்கலாம் அது.

இந்தக் காலகட்டத்துலதான் இந்தியா அந்தப் பக்கம் ஆள் அனுப்பிச்சு. நமக்கு ஏன் அணு நீர்மூழ்கி வேணும்ங்கிற கேள்விக்கு பதில் 1971 டிசம்பர்ல இருக்கு. வங்கதேசப் போர் நடக்கறப்ப அமெரிக்காவோட என்டர்பிரைஸ் விமானந்தாங்கி வங்காள விரிகுடாவுக்குள்ள வந்துச்சு. நம்மகிட்ட அதைப் பின்தொடர்ந்து நிக்கக்கூடிய எதுவும் இல்ல. சோவியத் பசிஃபிக் கடற்படைதான் அட்மிரல் க்ருக்ளியாகவ் தலைமையில கப்பல்களையும் நீர்மூழ்கிகளையும் அனுப்பிச்சு. டீசல் நீர்மூழ்கியால வேகமா போற விமானந்தாங்கியைத் துரத்த முடியாது, கொஞ்ச நேரம் வேகமா போனாலே பேட்டரி தீர்ந்துடும், சார்ஜ் பண்ண மூக்கை வெளிய நீட்டணும். அணுசக்தின்னா சாப்பாடு தீர்ற வரைக்கும் கீழயே இருக்கலாம், அதுவும் மணிக்கு இருபது கடல் மைலுக்கு மேல வேகத்துல. அந்த வித்தியாசத்தை நம்ம கடற்படை அந்த டிசம்பர்ல கண்ணால பாத்துச்சு.

1980-கள்ல குத்தகைப் பேச்சு முடிவாகி, நம்ம அதிகாரிகளும் மாலுமிகளும் விளாடிவஸ்டாக் போனாங்க. முதல்ல ரஷ்ய மொழி. கையேடு, பலகை, வால்வு மேல இருக்கற எழுத்து எல்லாமே ரஷ்ய மொழிதான், மொழி தெரியாம அந்த ரியாக்டர் முன்னாடி நிக்க முடியாது. அப்புறம் வகுப்பு, அப்புறம் சிமுலேட்டர், அப்புறம்தான் படகு. வருஷக்கணக்கா நடந்துச்சு இது. கே-429-ல ஒரு ராத்திரியில ஆளை ஏத்தினாங்க, இங்க வருஷக்கணக்கா பழக்கி ஏத்தினாங்க, ஒரே ரகப் படகுதான் ரெண்டும். இங்க விசாகப்பட்டினத்துலயும் கதிர்வீச்சைக் கண்காணிக்க ஏற்பாடு, தனித் துறைன்னு எல்லாம் புதுசா கட்ட வேண்டியிருந்துச்சு. 1988 ஜனவரி 5-ல விளாடிவஸ்டாக்ல சோவியத் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறுச்சு, கே-43 ஐஎன்எஸ் சக்ரா ஆச்சு. கேப்டன் ஆர்.என்.கணேஷ். மூணு வருஷக் குத்தகை, அணு ஆயுதம் கிடையாது, மிசைலும் டார்பிடோவும் சாதா வெடிபொருளோட மட்டும். சோவியத் நிபுணர்களும் கூட இருந்தாங்க. வர்ற வழி முழுக்க நீர்மூழ்கியைத் தேடற அமெரிக்க ஓரியன் விமானங்கள் மேல சுத்திட்டே வந்துச்சாம்.

அந்த மூணு வருஷத்துல சக்ரா சுமார் 72,000 மைல் ஓடுச்சு. ரியாக்டர் 430 நாள் வேலை செஞ்சுது, 5 தடவை மிசைல், 42 தடவை டார்பிடோ விட்டுப் பாத்தாங்க. இருபது வயசு தாண்டின படகுக்கு இது பெரிய உழைப்பு. பெரிசா சொல்ற மாதிரி ஒரு விபத்தும் இல்ல. எந்தப் போருக்கும் போகல, எந்த விமானந்தாங்கியையும் அடிக்கல, அதைக் கட்டினது எதுக்காகவோ அது ஒரு நாளும் நடக்கல, அது நல்லதுதான். நம்மகிட்ட அது பள்ளிக்கூடமா இருந்துச்சு. ரியாக்டரை எப்படி மெல்ல ஏத்தணும், திடீர்னு நின்னா என்ன பண்ணணும், கதிர்வீச்சு டோஸ் பேட்ஜை எப்படி கணக்கு வைக்கணும், 90 பேர் ஒரு இரும்புக் குழாய்க்குள்ள எப்படி வாரக்கணக்கா இருக்கணும், இதெல்லாம் புத்தகத்துல படிச்சு வராது.

இதுல நம்ம ஊர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் இருக்கு. ஆழத்துல இருக்கற நீர்மூழ்கிக்கு சாதா ரேடியோ அலை போகாது, உப்புத்தண்ணி உறிஞ்சிடும். ரொம்ப தாழ்ந்த அதிர்வெண் அலை மட்டும்தான் கொஞ்ச மீட்டர் உள்ள இறங்கும், அதை அனுப்ப பிரம்மாண்டமான டவர் வேணும். அதுக்காக திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்துல கட்டினதுதான் ஐஎன்எஸ் கட்டபொம்மன். 1990 அக்டோபர் 20-ஆம் தேதி ஜனாதிபதி ஆர்.வெங்கட்ராமன் திறந்து வச்சார், 1982-லிருந்து 84 வரைக்கும் பாதுகாப்பு அமைச்சரா இருந்தவரும் அவர்தான். நாங்குநேரி பக்கம் பஸ்ல போறவங்க அந்த டவரையெல்லாம் பாத்திருப்பீங்க. 2014-ல இன்னும் ரெண்டு டவர் போட்டாங்க, ஒவ்வொண்ணும் 471 மீட்டர். ஆனா 1990-ல அந்த நிலையம் திறந்து மூணு மாசம்கூட ஆகல, சக்ரா கிளம்பிடுச்சு. குத்தகையை நீட்டிக்கணும்னு நம்ம பக்கம் ஆசை இருந்துச்சு, சோவியத் அப்ப உள்ளுக்குள்ளயே ஆட்டம் கண்டுட்டு இருந்துச்சு, நடக்கல. 1991 ஜனவரியோட குத்தகை முடிஞ்சது.

படகு போயிடுச்சு, ஆளுங்க இருந்தாங்க. கல்பாக்கத்துல ரொம்ப நாளா சத்தமில்லாம ஒரு வேலை நடந்துட்டு இருந்துச்சு, நீர்மூழ்கியோட பாதி உடம்பு மாதிரியே ஒரு கட்டமைப்பைத் தரையில கட்டி அதுக்குள்ள ரியாக்டர் வச்சு ஓட்டிப் பாக்கறது. அது 2003-ல இயங்க ஆரம்பிச்சுது. சக்ராவை ஓட்டின கணேஷ், பிற்பாடு வைஸ் அட்மிரல் ஆகி, அந்த மொத்த அணு நீர்மூழ்கித் திட்டத்துக்கே தலைமை ஏத்தார். 2009 ஜூலை 26-ல விசாகப்பட்டினத்துல அரிஹந்த்ங்கிற அணு நீர்மூழ்கியைத் தண்ணியில இறக்கறப்ப மன்மோகன் சிங்கோட மனைவி குர்ஷரண் கவுர் தேங்காய் உடைச்சாங்க. நாமளே கட்டினது அது. சக்ரா போய் 18 வருஷம் ஆயிருந்துச்சு. இவ்வளவு இடைவெளி விட்டதுல பாதி அனுபவம் ஆறிப் போயிருக்கும்ங்கிறது என் வருத்தம். 1988-ல முப்பது வயசுல ரியாக்டர் முன்னாடி நின்னவன் அரிஹந்த் 2016-ல கடற்படையில சேர்றப்ப ரிட்டயர்டே ஆகியிருப்பான்.

கே-43 திரும்பிப் போன நாட்டுக்கு அந்த வருஷக் கடைசிக்கு மேல ஆயுசு இல்ல. 1992-ல படகையும் பட்டியல்ல இருந்து எடுத்துட்டாங்க, 24 வருஷத்துக்குக் கொஞ்சம் மேல. அப்ப பசிஃபிக் கரை முழுக்க இப்படிப் பட்டியல்ல இருந்து எடுத்த நீர்மூழ்கிகள் எரிபொருளோட துருப்பிடிச்சு நின்னுச்சு, உடைக்க பணம் இல்ல, மாலுமிகளுக்கு சம்பளமே ஒழுங்கா வராத வருஷங்கள். எதிர்க்கரையில இருக்கற ஜப்பான் பயந்து போய் தானே பணம் குடுத்து சில படகுகளை உடைக்க வச்சுது. உடைக்கிறதுன்னா முதல்ல எரிபொருளை எடுக்கணும், மிசைல் குழாய், முன்பக்கம், பின்பக்கம் எல்லாத்தையும் வெட்டி இரும்புக் கடைக்கு அனுப்பலாம், ஆனா ரியாக்டர் இருந்த அறையை மட்டும் அப்படியே அறுத்து, ரெண்டு பக்கமும் அடைச்சு, தனியா வைக்கணும். விளாடிவஸ்டாக் பக்கத்துல ரஸ்போய்னிக் வளைகுடாவுல அதுக்குன்னே ஒரு இடம் இருக்கு, வரிசையா பெரிய பெரிய உருளைகளா நிக்கும், ஒவ்வொண்ணும் ஒரு படகோட நடு உடம்பு. படகு கடல்ல ஓடின காலத்தை விட ஜாஸ்தி காலம் அதை அங்க வச்சுப் பாத்துக்கணும்.